உழைக்கப் போன பிள்ளையை ‘சுத்துறான்’ என்று சொல்லாதீர்கள்



கொஞ்சம் நீண்ட பதிவு. வெளிநாட்டில் பிள்ளை, கணவன், வாப்பா, ராத்தா என்று யாராவது இருப்பவர்கள் பொறுமையாக வாசியுங்கள். கல்குடாவில் அப்படி யாரும் இல்லாத வீடு எத்தனை இருக்கும்?

போன வெள்ளிக்கிழமை அஸர் தொழுதுவிட்டு ஓட்டமாவடிப் பாலத்தடியில் ஒரு தேநீர்க்கடையில் நாங்கள் நாலைந்து ஆசிரியர்கள் பிளேன்டியோடு இருந்தோம். பரீட்சை, மழை, மீன் விலை என்று போன கதை ஒருவருடைய போனில் வந்து நின்றது. கட்டாரில் இருக்கும் எங்களுடைய பழைய மாணவன் ஒருவன் பேஸ்புக்கில் படம் போட்டிருந்தான். காற்சட்டையை மடித்துக்கொண்டு, முழங்காலளவு தண்ணீரில், கண்ணா மரங்களுக்கு நடுவில் நிற்கிறான். முகம் நிறையச் சிரிப்பு.

பக்கத்து மேசையில் இருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, “கட்டாருக்குப் போய் ஆத்துக்குள்ள நிக்கிறான். இங்க இல்லாத ஆறா?” என்றார். இன்னொருவர், “உம்மாட வீடு அரவாசியில நிக்கிது. இவர் அங்க சுத்துறார்” என்றார்.

நாங்களும் சிரித்தோம். அதை முதலில் ஒப்புக்கொள்கிறோம்.

படத்தின் கீழேயும் அதே கதைதான். “காசை அனுப்பு மச்சான், பிறகு குளி” என்று அவனோடு படித்தவனே எழுதியிருந்தான். இரவு திரும்பப் போய்ப் பார்த்தால் படம் இல்லை. அழித்துவிட்டான்.

அந்தப் பிள்ளை ஒரு சூப்பர்மார்க்கட் களஞ்சியத்தில் வேலை செய்கிறான். பெட்டி இறக்குவது, அடுக்குவது, கணக்கு எழுதுவது. ஒரு றூமில் ஆறு பேர். கிழமைக்கு ஒரு நாள் லீவு. அந்த ஒரு நாளில் கூட வேலை செய்யும் கேரளாக்காரரின் காரில் எங்கோ போய், ஒரு படம் எடுத்து, ஊரில் உள்ளவர்களுக்குக் காட்ட ஆசைப்பட்டிருக்கிறான். ஊர் கொடுத்த பதில் அது.

இதைப் பற்றித்தான் நாலு வார்த்தை கதைக்க வேண்டும் என்று நினைத்தோம்.

இந்த நாடு இன்று நிற்பது வெளியில் உழைப்பவர்களின் தோளில்தான். 2024இல் மட்டும் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் வேலைக்காக நாட்டை விட்டுப் போனார்கள். அந்த ஒரே வருடத்தில் வெளிநாட்டில் உள்ளவர்கள் அனுப்பிய பணம் 650 கோடி டொலருக்கும் மேல். 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற நாடு மெல்ல மூச்சு விட்டதில் இந்தக் காசுக்குப் பெரிய பங்கு உண்டு. ஓட்டமாவடி, வாழைச்சேனை, மீராவோடை, பிறைந்துறைச்சேனை என்று எந்தப் பக்கம் போனாலும் மேல்மாடி எழும்பும் வீடுகளில் பாதியின் சீமெந்து ரியாலிலும் திர்ஹத்திலும் வாங்கியதுதான்.

ஆனால் அனுப்பும் தொகையைத் தவிர அந்த மனிதரைப் பற்றி நமக்கு என்ன தெரியும்?

இதை ஒரு வகுப்பறைதான் எங்களுக்குக் காட்டித் தந்தது. ஆறாம் தரப் பிள்ளைகளிடம் “என் தந்தை” என்று பத்து வசனம் எழுதச் சொல்லியிருந்தோம். ஒரு மகள் மூன்று வசனத்தோடு நிறுத்திவிட்டாள். வாப்பா சவூதியில் இருக்கிறார். மாதா மாதம் காசு அனுப்புவார். பெருநாளைக்கு உடுப்பு அனுப்புவார். அவ்வளவுதான். “வாப்பாக்கு என்ன சாப்பாடு விருப்பம் மகள்? லீவு நாளில என்ன செய்வார்?” என்று கேட்டோம். பிள்ளை பேனையைப் பார்த்துக்கொண்டு நின்றது. “தெரியா சேர்.”

“இண்டைக்கு இரவு கேட்டுப் பாருங்க” என்று அனுப்பினோம்.

அடுத்த நாள் வரும்போதே முகம் வேறு. வாப்பா இருக்கும் கேம்புக்குப் பின்னால் ஏழு பூனைகள் இருக்கின்றனவாம். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறாராம். கோழி சமைத்தால் எலும்பு பூனைகளுக்குத்தானாம். ஒரு குட்டிக்கு இந்தப் பிள்ளையின் செல்லப் பெயரையே வைத்திருக்கிறாராம். பத்து வசனம் கேட்டதற்கு ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள்.

அந்த மனிதர் எட்டு வருடமாக அங்கே இருக்கிறார். பூனைகளைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சொன்னால் “உனக்கு வேற வேலை இல்லையா” என்று யாராவது கேட்பார்கள் என்ற வெட்கமாக இருக்கலாம்.

வெளிநாட்டில் முதல் ஆறு மாதம் எப்படிப் போகும் என்று போய் வந்தவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். டோஹாவில் மெட்ரோ ஓடத் தொடங்கிய காலத்தில் எதிர்ப்பக்கம் ஏறி, கடைசி ஸ்டேஷன் வரை போய்த் திரும்பிய கதை. கடையில் சீனி கேட்க அறபு தெரியாமல் நாக்கைக் காட்டிச் சைகை செய்த கதை. ஊரில் அடுப்படிப் பக்கமே போகாதவன், உம்மாவை வீடியோவில் வைத்துக்கொண்டு மீன் ஆணம் ஆக்கப் போய், புளி கூடி, ஆறு பேரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிட்ட கதை. கூட இருந்த மலையாளிகளிடம் மலையாளம் படித்த கதை. வங்காளிக்கு “சாப்பிட்டீங்களா” சொல்லிக் கொடுத்த கதை.

இவையெல்லாம் சின்ன விடயம் மாதிரித் தெரியும். ஆனால் ஒரு மனிதன் அந்நிய மண்ணில் கால் ஊன்றுவது இப்படித்தான். பாதை பழகி, வாய் பழகி, சாப்பாடு பழகி, பிறகு கைக்கு ஒரு வேலை, கண்ணுக்கு ஓர் இடம், மனதுக்கு ஒரு விருப்பம் கிடைத்தால்தான் அவன் அங்கே “இருக்கிறான்” என்று சொல்லலாம். அது கிடைக்காதவன் நாட்களை எண்ணிக்கொண்டு கிடக்கிறான்.

கிடப்பவர்களையும் நாங்கள் அறிவோம். வேலை, கட்டில், போன். விடிய இரண்டு மணி வரை போன். அதில் சிலர் காசு வைத்து விளையாடும் விளையாட்டுகளுக்குள் விழுந்து, ஊருக்கு அனுப்ப வேண்டியதையும் தொலைத்திருக்கிறார்கள். சிலர் ஒருவரோடும் பேசாமல் போய், பிறகு ஊர் வந்து சேர்ந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு இருந்திருக்கிறார்கள். நாம் அதற்கு “கண்ணூறு” என்று பெயர் வைத்து ஓதிப் பார்க்கிறோம். ஓதுவது நல்லதுதான். ஆனால் அந்தப் பிள்ளை ஐந்து வருடம் தனிமையில் என்ன செய்தது என்று கேட்டோமா?

மார்க்கத்தைச் சொல்லி வாயை அடைப்பவர்களுக்காக மார்க்கத்திலிருந்தே இரண்டு சம்பவம் சொல்கிறோம்.

மக்காவை விட்டு மதீனாவுக்கு ஹிஜ்றத் போன புதிதில் அபூபக்ர் (ரழி) அவர்களுக்கும் பிலால் (ரழி) அவர்களுக்கும் காய்ச்சல் வந்தது. ஆயிஷா (ரழி) அறிவிக்கும் இந்தச் செய்தி புகாரியில் இருக்கிறது. காய்ச்சல் விட்டதும் பிலால் குரலை உயர்த்திக் கவிதை பாடுவார். மக்காவின் பள்ளத்தாக்கில், அங்கே முளைக்கும் புல்லுக்கு நடுவில் இன்னும் ஓர் இரவு தங்கக் கிடைக்குமா என்ற ஏக்கம் அந்தக் கவிதையில் இருந்தது. அவரை நடுமணலில் கிடத்திச் சித்திரவதை செய்த ஊர் அது. அந்த ஊரின் புல்லுக்குத்தான் ஏங்குகிறார். இதைக் கேள்விப்பட்ட றஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் பிலாலைக் கண்டிக்கவில்லை. மக்காவை நேசித்தது போல மதீனாவையும் எங்களுக்கு நேசமாக்கித் தருவாயாக என்று துஆக் கேட்டார்கள். புது ஊர் பிடிக்க வேண்டும் என்பதே ஒரு துஆவாக இருக்கிறது பாருங்கள்.

இரண்டாவது, ஒரு பெருநாள் தினம். மதீனாப் பள்ளிவாயலில் அபிசீனியர்கள் ஈட்டியை வைத்துத் தங்கள் நாட்டு விளையாட்டை விளையாடினார்கள். உமர் (ரழி) தடுக்கப் போனபோது, விட்டுவிடுங்கள் என்றார்கள் நபியவர்கள். ஆயிஷா (ரழி) அவர்களை நபியவர்கள் மறைத்துக்கொண்டு நிற்க, அவர்களின் தோளுக்குப் பின்னால் நின்று ஆயிஷா நாயகி அலுக்கும் வரை அந்த விளையாட்டைப் பார்த்தார்கள். விளையாடியவர்கள் வேறு மண்ணுக்காரர். விளையாடிய இடம் பள்ளிவாயல். அதற்கே இடம் இருந்தது. நம்ம பிள்ளை ஷார்ஜாவில் விடியச் சுபஹோடு வெட்டை நிலத்தில் கிரிக்கெட் விளையாடினால் நமக்கு என்ன குறைகிறது?

இப்னு பதூதாவைப் பற்றி வரலாற்றுப் பாடத்தில் படிப்பிக்கிறோம். 1325இல் 21 வயதில் தாஞ்சியரை விட்டு ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர். 1344இல் நம்ம நாட்டுக்கும் வந்து, பாவா ஆதம் மலைக்கும் ஏறியவர். உலகத்தையே சுற்றிய அந்த மனிதர், பயணத்தின் தொடக்கத்தில் தூனிஸ் நகரத்துக்குள் நுழைந்தபோது, எல்லாருக்கும் யாரோ ஸலாம் சொல்ல, தனக்குச் சொல்ல ஒருவரும் இல்லையே என்று அழுதுவிட்டதாக அவரே பதிந்து வைத்திருக்கிறார். கூட வந்த பயணி ஒருவர் பக்கத்தில் வந்து கதைத்த பிறகுதான் தேறினார். அவருக்கே அப்படியென்றால், ஏஜென்சிக்குக் கடன் பட்டு, 19 வயதில் முதன்முதலாக விமானம் ஏறிய நம்ம பிள்ளைக்கு எப்படி இருக்கும்?

பெண்களின் கதை இன்னும் கனமானது. எங்கள் பாடசாலையில் படித்த பிள்ளையின் உம்மா ஒருவர் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய் நான்கு வருடம் இருந்தார். வீட்டுக்காரக் கிழவி நூலால் பின்னுவதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். வீட்டு வேலை முடிந்து எல்லாரும் படுத்த பிறகு அரை மணித்தியாலம். ஊருக்கு வரும்போது பெட்டிக்குள் சொக்லட்டுக்குப் பக்கத்தில் முப்பதுக்கு மேற்பட்ட தொழுகைத் தொப்பிகள். சொந்தக்காரப் பொடியன்களுக்கு ஆளுக்கொன்று. “அந்த அரை மணித்தியாலம்தான் சேர் என்ட நேரம். மத்தது எல்லாம் அவங்கட நேரம்” என்று அந்த ராத்தா சொன்னது எங்களுக்கு மறக்கவில்லை.

அதே ராத்தா ஒரு லீவு நாளில் கடற்கரையில் சிநேகிதிகளோடு எடுத்த படம் ஒன்று ஊருக்கு வந்தபோது என்ன நடந்தது தெரியுமா? அபாயாவும் முந்தானையும் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் மாமியார் வீட்டில் பஞ்சாயத்து. அதற்குப் பிறகு அவர் லீவு நாளிலும் வெளியே போகவில்லை. ஆண் பிள்ளைக்கு “சுத்துறான்” என்ற ஒரு சொல். பெண் பிள்ளைக்கு நாம் வைத்திருக்கும் சொற்களை இங்கே எழுதவே முடியாது. வீட்டைக் கட்டி முடிக்கும் வரை அவள் உழைப்பு ஹலால். ஒரு பின்னேரம் கடலைப் பார்த்தால் மட்டும் சந்தேகமா?

வெளிநாட்டில் வேலைக்காரியாக இருந்தே உலகம் அறியும் படப்பிடிப்பாளராக வந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிலிப்பைன்ஸ் நாட்டு சைசா குரூஸ் பாகானி. தாயைப் போலவே ஹொங்கொங்கில் வீட்டு வேலைக்குப் போனவர். எஜமானியிடம் கடன் வாங்கித் தன் முதல் கெமராவை வாங்கினார். வேலை இல்லாத நேரத்தில் தெருவில் இறங்கிக் கறுப்பு வெள்ளைப் படங்கள் எடுத்தார். 2014இல் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை அவர் படங்களை வெளியிட்டது. 2015இல் மனித உரிமைப் புகைப்படக் கற்கைக்கான புலமைப் பரிசிலில் நியூயோர்க் போனார். பிறகு தன்னைப் போன்ற வீட்டுப் பணிப்பெண்களின் வாழ்க்கையையே படமெடுத்துப் புத்தகமாக்கினார். சிங்கப்பூரில் 2014இலிருந்து குடிபெயர் தொழிலாளர்களுக்கென்றே கவிதைப் போட்டி நடந்தது. கட்டட வேலை செய்யும் வங்காளிகளோடு தொடங்கி, பின்னர் தமிழ்த் தொழிலாளர்களும் அதில் எழுதினார்கள்.

எல்லாரும் புகழ் பெற வேண்டும் என்று சொல்ல வரவில்லை. தொப்பி பின்னிய ராத்தாவைப் பற்றிப் பத்திரிகையில் வராது. அவர் மனம் உடையாமல் திரும்பி வந்தார். எங்களுக்கு அது போதும்.

இனி எங்கள் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லிவிடுகிறோம். அந்தக் கட்டார் மாணவன் பத்தாம் தரத்தில் கணிதக் கொப்பியின் பின்பக்கம் முழுக்க வரைந்து வைத்திருப்பான். வாழைச்சேனை ஆற்றங்கரை, தோணி, நண்டு, கண்ணா மரத்தின் வேர். சாதாரண தரப் பரீட்சைக்கு ஒரு வருடம் இருந்தது. அந்தக் கொப்பியைப் பறித்தது நாங்கள்தான். “சித்திரம் சோறு போடாது” என்று வகுப்புக்கு முன்னால் சொன்னதும் நாங்கள்தான். கொப்பி பிறகு எங்கே போனதென்று எங்களுக்கே தெரியாது.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் வரும்போது பிள்ளையின் பட்டத்தையும் பந்தையும் பறிக்கிறோம். சாதாரண தரம் வரும்போது சித்திரக் கொப்பியைப் பறிக்கிறோம். அழகியல் பாடத்துக்குரிய நேரத்தை கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் கேட்டு வாங்குகிறோம். கடைசியில் பரீட்சையில் சித்தி பெற்றவனும் பெறாதவனும் ஒரே விமானத்தில் ஏறுகிறார்கள். அங்கே போய் வெள்ளிக்கிழமைப் பின்னேரம் கட்டிலில் இருக்கும்போது, கையால் செய்வதற்கு ஒன்றும் தெரியாத பிள்ளையைத்தான் நாம் அனுப்பி வைக்கிறோம்.

நம்ம மண் அப்படிப்பட்ட மண்ணும் இல்லை. ‘மக்கத்துச் சால்வை’ எழுதிய எஸ்.எல்.எம். ஹனீபா கால்நடைத் துறை உத்தியோகத்தோடுதான் கதை எழுதினார். எழுத்தாளர் வை. அஹமட்டின் பெயரில் வாழைச்சேனையில் பாடசாலையே இருக்கிறது. நம்ம மூத்தம்மாமார் பன் கிழித்துச் சாயம் போட்டுப் பாய் இழைத்தார்கள். வயல் வாடிக்குப் போன புருஷன்மாரை நினைத்துக் கவி பாடினார்கள். அன்று வாடி, இன்று வளைகுடா. பிரிவு நமக்குப் புதிதில்லை. பிரிவைக் கையாளத் தெரிந்த கைகளையும் வாயையும்தான் இடையில் எங்கோ விட்டுவிட்டோம்.

“சேர், கடன் இருக்கிறவனுக்கு என்ன பொழுதுபோக்கு?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஏஜென்சிக் கடன், அடகு வைத்த நகை, அரவாசியில் நிற்கும் வீடு எல்லாம் உண்மை. கடனை மறந்து விலை கூடிய கெமராவும் மோட்டார் சைக்கிளும் வாங்குபவனை நாங்களும் ஆதரிக்கவில்லை. ஆனால் நாங்கள் சொல்லும் எதற்கும் பெரிய காசு தேவையில்லை. பழைய எண்ணெய் டின்னில் கறிவேப்பிலை வளர்க்கக் காசு வேண்டாம். கார்ட்போட் பெட்டி மட்டையில் வரையக் காசு வேண்டாம். கட்டார் தேசிய நூலகத்தில் அந்நாட்டு வதிவிட அனுமதி உள்ளவர்கள் இலவசமாக அங்கத்தவராகலாம். ஷார்ஜாவில் 1982இலிருந்து நடக்கும் சர்வதேசப் புத்தகக் கண்காட்சிக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. தமிழ்ப் புத்தகங்களும் அங்கே வருகின்றன. பூனைக்கு எலும்பு போட என்ன செலவு?

இன்னொரு உண்மையையும் மறைக்கக் கூடாது. லீவே கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள். பாஸ்போட்டை எஜமான் வைத்திருக்க, போனையும் பறிகொடுத்து, வீட்டுக்குள்ளேயே அடைபட்ட பெண்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்ப் பொழுதுபோக்கு என்று கதைப்பது கொடுமை. அவர்களுக்கு முதலில் வேண்டியது ஓய்வு நாளும் பாதுகாப்பும். குவைத்தின் 2015ஆம் ஆண்டுச் சட்டமும் கட்டாரின் 2017ஆம் ஆண்டுச் சட்டமும் வீட்டுப் பணியாளருக்குக் கிழமைக்கு ஒரு நாள் ஓய்வு கொடுக்கச் சொல்கின்றன. சட்டத்தில் இருப்பதெல்லாம் வீட்டுக்குள் இருப்பதில்லை என்பதும் நமக்குத் தெரியும். அதனால் போகும் முன்னரே வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துகொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் ஓய்வு நாள் பற்றி என்ன இருக்கிறதென்று தெரிந்த ஒருவரை வைத்து வாசியுங்கள். சம்பளத்தைக் கேட்கும் வாயால் லீவையும் கேளுங்கள்.

போனவர்களுக்கும் ஒரு சொல். அங்குள்ள சட்டத்தை மதித்து நடவுங்கள். அனுமதியில்லாமல் பிறரை, குறிப்பாகப் பெண்களைப் படமெடுக்க வேண்டாம். அரச, இராணுவக் கட்டடங்களையும் விபத்துகளையும் எடுத்துப் பதிவிட வேண்டாம். பாலைவனத்துக்குத் தனியே போக வேண்டாம், தண்ணீரைக் கூடக் கொண்டு போங்கள். மீன் பிடிப்பதென்றால் அனுமதிப் பத்திரம் வேண்டுமா என்று விசாரியுங்கள். தொழுகையும் வேலையும் பிந்தக் கூடாது.

ஊரில் இருப்பவர்களிடம் நாங்கள் கேட்பது நாலே நாலு விடயம்.

ஒன்று, கோல் எடுத்ததும் “காசு போட்டியா” என்று தொடங்காதீர்கள். “இண்டைக்கு என்ன சமைச்ச மகன், எங்க போன, என்னத்தக் கண்ட?” என்று கேளுங்கள். காசுக் கதை பிறகும் கதைக்கலாம்.

இரண்டு, போவதற்கு ஆயத்தமாகும் பிள்ளைக்கு மூன்று மாதத்துக்கு முன்னரே அடுப்படியைக் காட்டிக் கொடுங்கள். ஆணம், சம்பல், ரொட்டி சுடத் தெரிந்தவன் பாதி தப்பித்தான். பெட்டிக்குள் கருவாட்டோடு ஒரு கொப்பியும், அவனுக்குப் பிடித்த ஏதாவது ஒன்றும் வையுங்கள்.

மூன்று, லீவில் வருபவர்களைப் பாடசாலைக்கு அனுப்புங்கள். அன்பளிப்புத் தர வேண்டாம். தாங்கள் கண்டதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரட்டும், படங்களைக் காட்டட்டும். எங்கள் பாடசாலையில் வரும் தவணையில் இதைத் தொடங்கலாம் என்று இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். அழகியல் பாட நேரத்தை இனிக் கடன் கேட்பதில்லை என்றும் எங்களுக்குள் பேசி வைத்திருக்கிறோம்.

நான்கு, ஒருவர் போடும் படத்தின் கீழே எழுதும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். அந்தச் சிரிப்பு கிழமையில் ஒரு நாளைக்கு வருவது.

அந்த மாணவனுக்கு மறுநாள் நாங்கள் வட்ஸ்அப்பில் மெசேஜ் போட்டோம். அழித்த படத்தை அனுப்பச் சொன்னோம். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு பத்துப் படங்கள் வந்தன. அந்த இடம் அல் தகீரா என்றும், டோஹாவிலிருந்து வடக்கே ஏறக்குறைய 60 கிலோமீற்றர் என்றும் எழுதியிருந்தான். பாலைவனத்துக்கும் கடலுக்கும் நடுவில் பச்சையாக ஒரு கண்டல் காடு. அங்கே நிற்கும் கண்ணா இனம் இலங்கைக் களப்புகளிலும் உண்டு. அதன் இலையை நக்கினால் உப்புக் கரிக்கும், மரம் உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடும். சேற்றுக்குள் காற்று இல்லாததால் வேர்களைப் பென்சில் மாதிரி மேலே நீட்டி மூச்சு விடும்.

“சேர், அதுட விஞ்ஞானப் பேர் அவிசினியா. நம்ம இப்னு ஸீனாட பேரத்தான் வெச்சிருக்காங்க. தெரியுமா?” என்று குரல் பதிவு வந்தது.

எங்களுக்குத் தெரியாது. பத்தாம் தரத்தில் கொப்பியைப் பறித்த பிள்ளையிடமிருந்து நாங்கள் படித்தோம்.

அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். “அதெல்லாம் ஒண்டும் இல்ல சேர்” என்று சிரித்தான். படத்தைத் திரும்பப் போடுவாயா என்று கேட்டதற்கு, “உம்மாட வீட்டு வேல முடியட்டும் சேர்” என்றான்.

அந்தப் பதில் எங்களுக்குச் சுட்டது. வீடு முடியும் வரை சிரிக்கக் கூடாதென்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தது நாம்தானே.

இந்தப் பதிவின் கீழே உங்கள் வீட்டிலிருந்து வெளிநாடு போனவர் லீவு நாளில் என்ன செய்கிறார் என்று ஒரு வரி எழுதுங்கள். தெரியாவிட்டால் இன்று இரவு கேட்டுவிட்டு நாளைக்கு எழுதுங்கள்.

தூரத்தில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. அவர்கள் இருக்கும் ஊரை அவர்களுக்கு நேசமாக்கி வைத்து, நல்லபடி நம்மிடம் திருப்பித் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.